எசேக்கியேல் 30: எகிப்தோடு சேர்ந்து விழும் கூட்டாளிகள் யார்?

வியாழன்_வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் வியாழக்கிழமை மாலைதோறும் நடக்கும் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் எசேக்கியேல் புத்தகத்தை அதிகாரம் அதிகாரமாக வாசித்து வருகிறோம். வகுப்பை நடத்தும் பொறுப்பு என்னுடையது. இறையியல் கல்லூரியில் படித்தவன் அல்லன். கடந்த வாரம் 30ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். எகிப்தின்மேல் பட்டயம் வரும் என்றும், அதனோடு எத்தியோப்பியர், பூத்தியர், லூதியர், கலந்து வாழும் ஜனங்கள், கூபியர், உடன்படிக்கை தேசத்தார் ஆகியோரும் விழுவார்கள் என்றும் 5ஆம் வசனம் சொல்கிறது.

வகுப்பில் மூன்று கேள்விகள் எழுந்தன. மூன்றுக்கும் என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை. முதலாவது, எகிப்தின் கூட்டாளிகளைப் பற்றிப் பேசும்போது "உடன்படிக்கை தேசத்தார்" என்ற சொல் எப்படி அங்கே வந்தது? உடன்படிக்கை என்றால் நம் காதில் இஸ்ரவேல் என்றுதானே விழுகிறது? இரண்டாவது, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் உண்மையிலேயே எகிப்தைப் பாழாக்கினானா, 29ஆம் அதிகாரம் சொல்லும் நாற்பது வருஷப் பாழ்நிலை எப்போது நடந்தது என்று பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஒரு சகோதரி கேட்டார். மூன்றாவது, கல்லூரி மாணவரான ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைக் காட்டி, இந்தப் பெயர்கள் எல்லாம் இன்றைய நாடுகளின் இராணுவக் கூட்டணியைக் குறிக்கின்றன என்றும், அந்தக் கூட்டணியின் அழிவு நெருங்கிவிட்டது என்றும் அதில் சொல்லப்படுவதாகக் கூறினார். மறுக்கவும் தெரியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அடுத்த வகுப்புக்குள் ஏதேனும் வழி காட்டுவீர்களா?

பழைய_ஏற்பாட்டு_வாசகர் எழுதியது:

ஐயா, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை அந்த அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. 10ஆம் வசனத்தைப் பாருங்கள்: எகிப்தின் கூட்டத்தை ஒழிக்கப்போகும் கை பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சாருடையது என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. 5ஆம் வசனத்தை எடுத்து இன்றைய உலக வரைபடத்தில் ஒட்டுகிறவர், ஐந்தே வசனம் தள்ளியிருக்கும் இந்தப் பெயரை மட்டும் என்ன செய்வார்? மேலும், நம் பழைய திருப்புதல் "எத்தியோப்பியா" என்று சொல்வது எபிரெயத்தில் கூஷ்; அது அஸ்வானுக்குத் தெற்கே, பெரும்பாலும் இன்றைய சூடானின் வடபகுதியில் இருந்த நுபிய நாடு, அதிஸ் அபாபாவைத் தலைநகராகக் கொண்ட நாடு அன்று. பூத்து என்பது லிபியப் பகுதி. லூது என்பது, பெரும்பாலோர் கருதுவதுபோல், இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லூதியா. பெயரைப் பார்த்து நாட்டைப் பொருத்தினால் முதல் அடியிலேயே தடுக்கி விழ வேண்டியதுதான்.

இந்தப் பட்டியல் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எரேமியா 46:9ஐத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 605இல் ஐப்பிராத்து நதியோரம் கர்கேமிசில் பார்வோன் நேகோவின் சேனை பாபிலோனியரிடம் தோற்றதைப் பாடும் அந்தப் பகுதியில், கேடகம் பிடிக்கும் கூஷியரும் பூத்தியரும், வில்லை வளைக்கும் லூதியரும் என்று அதே மூன்று பெயர்கள் அதே வரிசையில் வருகின்றன. ஆகவே எசேக்கியேல் ஏதோ மறைபொருளான ஒரு கூட்டணியை எதிர்காலத்திலிருந்து எட்டிப்பார்த்து எழுதவில்லை. எகிப்தின் படையணி எப்படி இருந்தது என்று அன்றைக்குத் தெருவில் போகிறவனுக்கும் தெரிந்திருந்ததையே சொல்கிறார். இருபத்தாறாம் வம்சத்துப் பார்வோன்கள் வெளிநாட்டுக் கூலிப்படையை நம்பியே ஆட்சி நடத்தினார்கள். அந்த வம்சத்தை நிலைநிறுத்திய முதலாம் சாமெத்திகசுக்கு லூதியாவின் அரசன் கீகெஸ் படை அனுப்பியதாக அசீரிய அரசன் அசூர்பனிபாலின் பதிவுகளே குறைகூறுகின்றன. இரண்டாம் சாமெத்திகஸ் நுபியாவின்மேல் படையெடுத்தபோது அவனுடன் போன கிரேக்கக் கூலிவீரர்கள், அபு சிம்பெல் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ராம்செஸின் பிரம்மாண்டச் சிலையின் காலில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே போனால் பார்க்கலாம். கோயில் சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

இந்தத் தீர்க்கதரிசனம் யாருடைய காதில் விழுவதற்காகச் சொல்லப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எகிப்தியர் ஒருவரும் இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கி.மு. 597இல் ராஜா யோயாக்கீனோடு சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, கேபார் நதியோரம் குடியமர்த்தப்பட்ட யூதர்கள்தாம் எசேக்கியேலின் முன் உட்கார்ந்திருந்தார்கள். எருசலேமில் மிஞ்சியிருந்த சிதேக்கியா ராஜா, பாபிலோனுக்குச் செய்துகொடுத்த ஆணையை மீறி, குதிரைகளும் ஆட்களும் கேட்டு எகிப்துக்குத் தூது அனுப்பியதை 17:15 சொல்கிறது. முற்றுகை தொடங்கிய பிறகு பார்வோன் ஓப்பிராவின் சேனை எகிப்திலிருந்து புறப்பட்டதும் பாபிலோனியர் சிறிது காலம் முற்றுகையைத் தளர்த்தினார்கள் என்று எரேமியா 37 சொல்கிறது. சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எட்டியபோது எவ்வளவு நம்பிக்கை முளைத்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். 29:6-7இல் எகிப்து ஒரு நாணற்கோல் என்று சொல்லப்படுவது அந்த நம்பிக்கையின் நெஞ்சில் குத்துகிற வார்த்தை: பிடித்தால் ஒடிந்து கையையும் தோளையும் கிழிக்கும், சாய்ந்தால் முறிந்து இடுப்பை ஆட்டங்காணச் செய்யும். நைல் நதிக்கரையில் நாணல் தவிர ஊன்றுகோலுக்கு வேறு என்ன கிடைக்கும் என்ற குறும்பும் அதில் இருக்கிறது.

30:20இல் குறிக்கப்பட்ட தேதி பதினோராம் வருஷம் முதலாம் மாதம் ஏழாம் தேதி, அதாவது கி.மு. 587 ஏப்ரல் அளவில். பார்வோனின் ஒரு புயத்தை முறித்தாயிற்று, அது கட்டப்படவும் இல்லை என்று அடுத்த வசனம் தொடங்குகிறது. ஓப்பிராவின் சேனை பின்வாங்கியதைத்தான் அது சொல்கிறது என்று கொள்வது இயல்பு. எகிப்தியக் கோயில் சுவர்களில் அரசன் என்றாலே, ஒரு கையால் எதிரியின் தலைமயிரைப் பிடித்து மறு கையில் தண்டாயுதத்தை ஓங்கி நிற்கும் உருவம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த ஓங்கிய கையைத்தான் தீர்க்கதரிசி குறிவைத்து ஒடிக்கிறார்.

கல்வெட்டுப்_பித்தன் எழுதியது:

வரலாற்று ஆசிரியையான அந்தச் சகோதரியின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும் என்பதால், "எல்லாம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று" என்று வழக்கமாகச் சொல்லப்படுவதைச் சற்று ஒதுக்கி வைக்கிறேன்.

நேபுகாத்நேச்சார் எகிப்தின்மேல் படையெடுத்தான் என்பதற்கு வேதாகமத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள உடைந்த களிமண் பலகை ஒன்று, அவனுடைய 37ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 568/567இல், அவன் எகிப்தோடு போர்செய்யப் போனதைக் குறிப்பிடுகிறது. எதிரி அரசனின் பெயர் பாதி உடைந்துபோயிருந்தாலும் அது அமாசிஸ் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அந்தப் போரின் முடிவு என்ன என்பது பலகையில் இல்லை. அமாசிசோ கி.மு. 526 வரை வசதியாக ஆட்சி செய்தான். அவன் காலத்தில் எகிப்து செழித்தது என்றே கிரேக்க வரலாற்றாளர் எரொதோத்தஸ் எழுதுகிறார். நாற்பது வருஷம் மனுஷனுடைய காலும் மிருகத்தின் காலும் படாத எகிப்துக்கு அந்த நூற்றாண்டில் இடம் கிடையாது. எகிப்து உண்மையாகவே அந்நியர் கையில் விழுந்தது கி.மு. 525இல், பெர்சிய அரசன் காம்பிசஸ் பெலூசியத்தில் வென்றபோது. அந்தப் பெலூசியம்தான் 30:15இல் எகிப்தின் பெலன் என்று சொல்லப்படும் சீன் என்று பலரும் கருதுகிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

இனி எகிப்து தேசத்தில் அதிபதி இராமற்போவான் என்ற 30:13ஐ எடுத்து, அதற்குப் பிறகு எகிப்தை எகிப்தியன் ஆளவே இல்லை என்று பிரசங்கிக்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். அது சரியன்று. கி.மு. 404 முதல் 343 வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெர்சியரைத் துரத்திவிட்டு உள்நாட்டு அரசர்கள் மூன்று வம்சங்களாக ஆண்டார்கள். இரண்டாம் நெக்தனேபோதான் கடைசி எகிப்தியப் பார்வோன்.

ஆனால் எசேக்கியேல் புத்தகமே இந்தச் சிக்கலை மூடி மறைக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் மதிப்பு உயர்ந்தது அங்கேதான். கடலோர வணிக நகரமான தீருவை நேபுகாத்நேச்சார் தகர்த்துக் கொள்ளையிடுவான் என்று 26ஆம் அதிகாரம் சொன்னது. யூத வரலாற்றாளர் யோசேப்பஸ் சொல்கிறபடி முற்றுகை பதின்மூன்று ஆண்டுகள் நீண்டது, ஆனால் எதிர்பார்த்த கொள்ளை கிடைக்கவில்லை. பிறகு இருபத்தேழாம் வருஷத்தில், கி.மு. 571இல், புத்தகத்திலேயே மிகப் பிந்திய தேதியிட்ட வார்த்தையாக 29:17-20 வருகிறது: தீருவுக்கு எதிரான ஊழியத்தில் சேனையின் தலைகள் எல்லாம் மொட்டையாயின, தோள்கள் எல்லாம் தோலுரிந்தன, ஆனாலும் அவனுக்கோ அவன் சேனைக்கோ கூலி கிடைக்கவில்லை, ஆகையால் எகிப்தை அதற்குக் கூலியாகக் கொடுக்கிறேன் என்கிறார் கர்த்தர். ஆண்டுக்கணக்காகத் தலைச்சீரா உரசி வழுக்கையான தலையும், மண்ணும் கல்லும் சுமந்து காய்த்துப்போன தோளும் உள்ள அந்தச் சிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்னது சொன்னபடி நடக்கவில்லை என்பதைப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் அறிந்திருந்தும், முந்திய வாக்கையும் பிந்திய வாக்கையும் இரண்டையுமே அழிக்காமல் வைத்துவிட்டார்கள்.

ஓப்பிராவின் முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிபியக் கரையில் இருந்த கிரேக்கக் குடியேற்றமான சீரேனேயின்மேல் அவன் அனுப்பிய சேனை தோற்றது. வேண்டுமென்றே தங்களைச் சாகவிட்டான் என்று எகிப்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து, கி.மு. 570இல் அமாசிசை அரசனாக்கினார்கள். முப்பதாயிரம் கிரேக்க, காரியக் கூலிவீரர்களை வைத்துக்கொண்டு ஓப்பிரா போரிட்டும் தோற்றான் என்கிறார் எரொதோத்தஸ். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கூட்டாளிகள் அவனை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பது தெரிகிறது.

ஓய்வுபெற்ற_அருள்பணியாளர் எழுதியது:

கல்வெட்டுப் பித்தன் அவர்களின் செய்திகளை ஏற்கிறேன். அந்த நாற்பது ஆண்டுகளைக் கையாண்ட விதத்தில் மட்டும் அவரோடு உடன்பட மாட்டேன். அந்த எண்ணை அவர் நாட்காட்டியில் தேடுகிறார். எசேக்கியேல் அதை எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். 4:6இல் யூதா வீட்டாரின் குற்றத்துக்காக அவர் நாற்பது நாள் ஒருக்களித்துப் படுத்திருக்கக் கட்டளை பெறுகிறார்; ஒரு நாள் ஓர் ஆண்டுக்குச் சரி. அதே நாற்பதைத்தான் எகிப்துக்கும் கொடுக்கிறார். அதோடு, எகிப்தியரை நாடுகளுக்குள் சிதறடிப்பேன், பின்பு சிதறிய இடங்களிலிருந்து கூட்டிச் சேர்ப்பேன் என்று 29:12-13 சொல்லும் முறை, இஸ்ரயேலைப் பற்றி அவர் சொல்லும் முறையேதான். அதாவது எகிப்து இங்கே இன்னொரு இஸ்ரயேல்போல நடத்தப்படுகிறது. தண்டனையும் அதே, திரும்பி வருதலும் அதே.

திரும்பி வந்த எகிப்து அற்பமான அரசாக இருக்கும் என்று 29:15 சொல்கிறது. ஏன் என்ற காரணம் 16ஆம் வசனத்தில்: இஸ்ரயேல் வீட்டார் இனி அதை நம்பி அதன் பின்னே போகாதபடிக்கு. தம்பி, உங்கள் வகுப்பில் நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒரு வசனத்தை மட்டும் வாசியுங்கள் என்பேன். தீர்ப்பு எகிப்தின்மேல் விழுகிறது, ஆனால் வழக்கு இஸ்ரயேலின் நம்பிக்கையைப் பற்றியது.

இதே எகிப்தை "என் மக்கள்" என்றும் அசீரியாவை "என் கைவேலை" என்றும் எசாயா 19:25 அழைக்கிறது. நான் பங்கில் இருந்த காலத்தில் எசேக்கியேல் 30 வாசிக்கப்படும் போதெல்லாம் அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்வது வழக்கம். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

வியாழன்_வகுப்பு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சுவாமி அவர்கள் சுட்டிய 29:16ஐ நான் பல முறை வாசித்திருந்தும் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். ஆனால் என் முதல் கேள்வி, "உடன்படிக்கை தேசத்தார்" யார் என்பது, இன்னும் நிற்கிறது. கூபியர் யார் என்பதையும் யாரும் தொடவில்லை.

கரையோரன் எழுதியது:

கூபியர் என்ற பெயர் எபிரெய வேதத்தில் இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. லூபியர், அதாவது லிபியர், என்ற சொல் எழுத்து மாறி அப்படி ஆகியிருக்கலாம் என்பது பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சொல்லப்படும் கருத்து. அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

"உடன்படிக்கை தேசத்தார்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டணி ஒப்பந்தத்தால் எகிப்தோடு இணைந்த ஏதோ ஒரு நாட்டார் என்று சிலர் பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் "என் உடன்படிக்கையின் புத்திரர்" என்று வாசிக்கிறது. அப்படியானால் பேசுகிறவர் கர்த்தர், புத்திரர் யூதர். அதாவது எகிப்தின் சேனையில் கூலிக்குச் சேவித்த யூதர்களும், அங்கே அடைக்கலம் தேடி ஓடிய யூதர்களும் அந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கிறார்கள்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். எரேமியா 44:1ஐ எடுத்து, எகிப்தில் யூதர்கள் குடியிருந்த இடங்களாக அங்கே சொல்லப்படுபவற்றைத் தாளில் எழுதுங்கள்: மிக்தோல், தக்பானேஸ், நோப், பத்ரோஸ். பிறகு எசேக்கியேல் 30ஐ மேலிருந்து கீழாக வாசித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். மிக்தோல் 6ஆம் வசனத்தில், நோப் 13இல், பத்ரோஸ் 14இல், தக்பானேஸ் 18இல். நான்கும் இருக்கின்றன. சோவான், நோ, ஆவென், பிபேசேத் முதலான எகிப்தின் வேறு நகரங்களும் வருகின்றன என்பது உண்மைதான். எனினும் யூதர் குடியிருந்த ஊர்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. 6ஆம் வசனத்தின் தென்னெல்லையான செவெனே இன்றைய அஸ்வான். அதற்கு நேர் எதிரே நைல் நதியின் நடுவில் இருக்கும் எலெபந்தைன் தீவில் யூதப் படைவீரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் அரமேய மொழியில் எழுதிய பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்துள்ளன. அங்கிருந்த தங்கள் ஆலயம் இடிக்கப்பட்டதைப் பற்றிக் கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய மனுவில், எகிப்திய அரசர்களின் நாளிலேயே தங்கள் முன்னோர் அதைக் கட்டினார்கள் என்றும், காம்பிசஸ் எகிப்துக்குள் வந்தபோது அது கட்டி முடிந்தே இருந்தது என்றும் குறிப்பிடுகிறார்கள்.

ஆக, எருசலேம் விழுந்த பிறகு, போகாதீர்கள் என்று எரேமியா மன்றாடியும் கேளாமல் எகிப்துக்கு ஓடியவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களின் பெயர்களே இங்கே வாசிக்கப்படுகின்றன. தக்பானேசில் பார்வோனின் அரண்மனை வாசலில் பெரிய கற்களைக் களிமண்ணில் புதைத்து, நேபுகாத்நேச்சார் இதன்மேல் தன் சிங்காசனத்தை வைப்பான் என்று எரேமியா 43இல் சொன்னதும் அந்த ஊரில்தான். அந்த ஊர் எனக் கருதப்படும் தெல் தெபெனே மேட்டை 1886இல் அகழ்ந்த பிளிண்டர்ஸ் பெட்ரி, கோட்டை வாசலுக்கு முன்னே செங்கல் பாவிய அகன்ற மேடை ஒன்றைக் கண்டு, எரேமியா கல் புதைத்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் கற்களைக் கண்டெடுத்ததாக யாரும் சொல்வதற்கில்லை.

இதனால்தான் காணொளிகளைப் பார்த்து எனக்குச் சலிப்பு வருகிறது. அந்தப் பட்டியலில் எப்போதும் வேறு யாரோ இருக்கிறார்கள். அதில் கேட்கிறவனின் சொந்தக்காரனும் இருந்தான் என்பதை எசேக்கியேல் ஒளிக்கவில்லை.

பழைய_ஏற்பாட்டு_வாசகர் எழுதியது:

எரேமியா 44:1ஐ இதோடு வைத்து நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே ஒரு திருத்தம்: 30:1-19க்குத் தேதி இல்லை. 29 முதல் 32 வரை எகிப்தைப் பற்றிய ஏழு வாக்குகளில் தேதியிடப்படாதது இது ஒன்றுதான். ஆகவே அகதிகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இது சொல்லப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அவர்களுக்கு முன்பே அந்த ஊர்களில் யூதக் கூலிவீரர்கள் இருந்திருக்கலாம்; எலெபந்தைன் விஷயமும் அதைத்தான் காட்டுகிறது.

கரையோரன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். "ஓடியவர்கள்" என்பதை "அங்கே இருந்தவர்களும் ஓடியவர்களும்" என்று திருத்தி வாசிக்கவும்.

வியாழன்_வகுப்பு எழுதியது:

இன்று இரவே அந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தேன். நான்கு ஊர்களையும் அடிக்கோடிட்ட பிறகு என் வேதாகமத்தின் அந்தப் பக்கம் வேறு பக்கம்போலத் தெரிகிறது. அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேரை எழுந்து நிற்கச் சொல்லி, ஒருவர் எரேமியா 44:1ஐயும் மற்றவர் எசேக்கியேல் 30ஐயும் மாறி மாறி வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். களிமண் பலகையையும் அமாசிசையும் பற்றி வரலாற்றுச் சகோதரியே பேச ஒப்புக்கொண்டார். நாற்பது வருஷத்தைப் பற்றி நிச்சயம் சுவாமியின் விளக்கத்தோடு மல்லுக்கட்டுவார். காணொளியைக் காட்டிய தம்பியிடம் 10ஆம் வசனத்தை வாசிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன்.